சிரிப்பை வரிசைப்படுத்தலாமா? கேட்ச்-22 நாவலும் அதன் திரைவடிவங்களும்

மாலைவாசகன்

ஜோசப் ஹெல்லரின் கேட்ச்-22 நாவலை நீண்ட இடைவெளிக்குப் பிறகு மறுபடியும் வாசித்து முடித்த கையோடு, மைக் நிக்கோல்ஸ் இயக்கி 1970இல் வெளியான திரைப்படத்தையும், 2019இல் ஹூலு தளத்தில் ஆறு பகுதிகளாக வந்த குறுந்தொடரையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். இரண்டும் திறமைசாலிகள் கூடி உழைத்தவை. ஆனாலும் இரண்டிலும் நாவல் ஏதோ ஓர் இடத்தில் கைநழுவிப் போயிருப்பதாக எனக்குத் தோன்றியது. ஏன் என்று யோசித்ததை இங்கே வைக்கிறேன். மறுப்பவர்கள் இந்த இழையிலேயே தாராளமாக மறுக்கலாம்.

நாவலை வாசிக்காதவர்களுக்காகச் சிறு அறிமுகம். 1961இல் வெளிவந்த இந்த நாவல், இரண்டாம் உலகப் போரின்போது இத்தாலிக் கரையை அடுத்த பியனோசா தீவில் முகாமிட்டிருக்கும் ஓர் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானப் பிரிவைப் பற்றியது. ஹெல்லரே கோர்சிகா தீவிலிருந்து பி-25 விமானத்தில் குண்டெறிபவராக 60 முறை பறந்தவர். யொசேரியன் என்னும் குண்டெறிபவன் உயிரோடு வீடு திரும்ப விரும்புகிறான். அதற்கு இத்தனை முறை பறந்திருக்க வேண்டும் என்று ஓர் எண்ணிக்கை உண்டு. அவன் அதை நெருங்கும்போதெல்லாம் கர்னல் கேத்கார்ட் அதை உயர்த்திவிடுகிறார். கதை என்று பார்த்தால் இவ்வளவுதான். ஆனால் 42 அத்தியாயங்களும் காலத்தில் முன்னும் பின்னுமாகத் தாவுகின்றன. ஒரே சம்பவம் முதல் முறை ஒரு துணுக்காகவும், இன்னொரு முறை புதிராகவும், கடைசி முறை தாங்க முடியாத ஒன்றாகவும் வருகிறது.

இத்தகைய நாவலைப் படமாக்குவது கடினம் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பாத்திரங்களின் எண்ணிக்கையையும் காலத் தாவல்களையும் காரணமாகக் காட்டுவார்கள். அவை தச்சுவேலை, கைதேர்ந்த திரைக்கதையாசிரியர் இழைத்துச் சரிசெய்துவிடுவார். உண்மையான இடர் கதைசொல்லியின் குரலில் இருக்கிறது. ஹெல்லரின் கதைசொல்லி எதற்கும் பதறாதவர். ஒருவன் செத்துப்போனதையும் உணவுக்கூடத்தில் முட்டை பொரிந்ததையும் ஒரே தொனியில் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அந்தப் பதறாமையில்தான் அங்கதம் குடியிருக்கிறது. அதைத் திரைக்குக் கொண்டுவர வசனங்களை அப்படியே எடுத்து நடிகர்களின் வாயில் போட்டால் போதாது. பேசுகிறவனுக்கு முகம் வந்துவிடுகிறது; முகம் வந்ததும் அவன் வேடிக்கை காட்டுகிறான்; வேடிக்கை காட்டுகிறான் என்று தெரிந்த கணத்திலேயே நமக்குப் பயம் போய்விடுகிறது.

ஆகவே வேடிக்கையான வசனத்தைத் தேடுவதை விட்டுவிட்டு, பதறாத கேமராவைத் தேட வேண்டும் என்பதே என் கட்சி. நிக்கோல்ஸின் படத்தில் அது ஓரிடத்தில் முழுமையாகக் கைகூடுகிறது. கேத்கார்ட்டும், முகாமின் உணவுப் பொறுப்பாளனான மைலோ மைண்டர்பைண்டரும் விமானதளத்தில் ஒரு முட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் அடிபட்ட விமானம் ஒன்று தரையில் மோதித் தீப்பற்றி எரிகிறது. இருவரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கேமராவும் முட்டையிலேயே குறியாக இருக்கிறது. ஹெல்லரின் ஒரு வாக்கியம் அப்படியே திரையில் நிற்பதாக எனக்குப் பட்டது.

குறுந்தொடரில் இதற்கு ஈடான ஒரு கணம் எனக்குக் கிடைக்கவில்லை. அதைவிடப் பெரிய குறையாக நான் கருதுவது அதன் வரிசை. கலிபோர்னியாவில் பயிற்சி முகாமில் தொடங்கி நேர்கோட்டில் நடந்துபோகிறது. ஸ்னோடன் என்னும் இளம் வீரன் யொசேரியனின் கைகளில் சாகும் காட்சி கடைசிப் பகுதிக்குப் போய்விட்டது. நாவலின் முதல் அத்தியாயத்தில் யொசேரியன் கல்லீரல் வலி என்று சொல்லி மருத்துவமனையில் படுத்துக்கொண்டு, வீரர்களின் கடிதங்களைத் தணிக்கை செய்யும் வேலையில் ஒரு நாள் பெயரடைகளை எல்லாம் அடிப்பதும், இன்னொரு நாள் வேறு எதையோ அடிப்பதுமாக விளையாடுகிறானே, அப்போதே ஸ்னோடன் செத்துப்போய்விட்டான். அது தெரியாமல் நாம் சிரிக்கிறோம். நாற்பது அத்தியாயங்களுக்குப் பிறகு, எதைப் பார்த்த மனிதன் அப்படி விளையாடினான் என்பது தெரிகிறது. தொடரில் அந்த விளையாட்டுக்குப் பின்னால் இந்த இருட்டு இல்லை. அவன் வெறும் குறும்புக்காரனாகத் தெரிகிறான்.

செல்லுலாய்டு

முட்டைக் காட்சியைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. படத்தொகுப்பு மேசையில் சில ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில் இன்னொன்றையும் சேர்க்கிறேன். அந்தக் காட்சியில் வெட்டு விழுந்திருந்தால் அது செத்திருக்கும். எரியும் விமானத்தைத் தனி ஷாட்டாகக் காட்டிவிட்டுப் பிறகு முட்டைக்குத் திரும்பியிருந்தால், "பார், எவ்வளவு கொடுமை" என்று இயக்குநர் நம் விலாவில் இடித்ததாக ஆகியிருக்கும். ஒளிப்பதிவாளர் டேவிட் வாட்கின் விலகி நின்று முழுச் சட்டகத்தையும் தந்துவிடுகிறார். எதைப் பார்ப்பது என்பது பார்வையாளனின் பொறுப்பாகிவிடுகிறது.

இதே படத்தில் இன்னொரு சின்ன விஷயம். மேஜர் மேஜர் (பதவியும் மேஜர், பெயரும் மேஜர்) தன் அலுவலகத்தில் இருக்கும்போது யாரையும் உள்ளே விடக்கூடாது, தான் வெளியேறிய பிறகுதான் விட வேண்டும் என்று சார்ஜெண்டிடம் உத்தரவிடும் காட்சியில், பின்சுவரில் மாட்டியிருக்கும் படத்தைக் கவனியுங்கள். முதலில் ரூஸ்வெல்ட் இருக்கிறார், சற்று நேரத்தில் அதே சட்டத்துக்குள் சர்ச்சில் இருக்கிறார், பிறகு ஸ்டாலின். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. நாவலில் அப்படியொரு படம் மாறுவதில்லை என்றாலும், நாவலின் புத்தியை உள்வாங்கியவர்களால் மட்டுமே யோசிக்கக்கூடிய வேடிக்கை அது. திரைக்கதை எழுதிய பக் ஹென்றி, கேத்கார்ட்டுக்குத் துணையாக இருக்கும் கர்னல் கார்னாகவும் நடித்திருக்கிறார் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும்.

கால வரிசை விஷயத்திலும் படம் நீங்கள் கேட்பதைத்தான் செய்கிறது. தொடக்கத்தில் யொசேரியன் இரண்டு கர்னல்களோடு பேசுவதைப் பார்க்கிறோம், ஆனால் விமான எஞ்சின்களின் இரைச்சலில் ஒரு சொல்லும் காதில் விழுவதில்லை. வெளியே வருகிறான், கத்திக்குத்து விழுகிறது, அங்கிருந்து படம் பின்னோக்கிப் போய், நெடுந்தூரம் சுற்றிவிட்டு, அதே பேச்சுக்குத் திரும்பி வரும்போதுதான் அவர்கள் பேசியது நமக்குக் கேட்கிறது. ஸ்னோடன் காட்சி பலமுறை வருகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது. பின்னணி இசை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அப்படியிருக்க, இந்தப் படமும் கைநழுவியது என்று ஏன் சொல்கிறீர்கள்?

தாமரைக்குளம்

குறுந்தொடரின் தரப்பில் பேச யாராவது வேண்டும் போலிருக்கிறது. நான் கல்லூரியில் இந்த நாவலைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். மாணவர்கள் எந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைக்கிறார்கள் என்பதும் தெரியும்; ஏறத்தாழ ஆறாம், ஏழாம் அத்தியாயங்களில்.

மாலைவாசகன் அவர்கள் வரிசைக் குலைவையே நாவலின் உயிர் என்கிறார். அதே நாவலில் குலையாத வரிசை ஒன்றும் இருப்பதை அவர் சொல்லவில்லை. அதுதான் பறப்புகளின் எண்ணிக்கை. இருபத்தைந்து, முப்பது, முப்பத்தைந்து என்று தொடங்கி எண்பதுவரை ஏறிக்கொண்டே போகிறது. இத்தனை தாவல்களுக்கு நடுவே நாம் எந்தக் காலத்தில் இருக்கிறோம் என்று வாசகருக்குச் சொல்லும் ஒரே நாள்காட்டி அந்த எண்தான். கதாநாயகனின் வதையும் அதுவே, வாசகனின் கடிகாரமும் அதுவே. புத்தகத்தில் குழம்பினால் பக்கத்தைப் பின்னால் புரட்டி அந்த எண்ணைத் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு மணி நேரப் படத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே படத்தில் எண் உயர்வது தகவலாக வந்து போகிறதே தவிர, கழுத்தில் இறுகும் கயிறாக உணரப்படுவதில்லை.

தொடரை எழுதிய லூக் டேவிஸும் டேவிட் மிஷோவும் இதைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். நேர்கோட்டில் நகர்வதால், ஒவ்வொரு முறை எண் ஏறும்போதும் யொசேரியனாக நடித்த கிறிஸ்டோபர் அபட்டின் முகத்தில் ஏதோ ஒன்று இறங்குவதை நாமும் கூடவே இருந்து பார்க்கிறோம். வாசல்படியில் கால் வைத்தவனை மறுபடி மறுபடி கிணற்றடிக்கு அனுப்பினால் எப்படியிருக்கும், அந்த அலுப்பு நமக்கும் வருகிறது. அலுப்பு இந்த நாவலின் முக்கியமான உணர்ச்சி. அதற்கு நேரம் வேண்டும். ஆறு பகுதிகளால்தான் அது முடிந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1970 படத்தை நாவலுக்கு விசுவாசமானது என்று புகழும்போது, அது எதை விட்டுவிட்டது என்பதையும் பார்க்க வேண்டும். விசுவாசப் பிரமாணத்தில் கையெழுத்திட்டால்தான் சாப்பாடு, கையெழுத்திட்டால்தான் வரைபடம், பிறகு இன்னும் அதிகமாகக் கையெழுத்திட்டவனே அதிக விசுவாசி என்று கேப்டன் பிளாக் நடத்தும் அந்த மாபெரும் இயக்கம் படத்தில் இல்லை. 1950களில் கம்யூனிஸ்ட் வேட்டை என்ற பெயரில் அமெரிக்க அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் நடந்ததைத்தான் ஹெல்லர் போர்முகாமுக்குள் கொண்டுவந்து வைத்தார். அதாவது 1944ஐப் பற்றிய கதையின் குறி அதை எழுதிய காலத்தின் மீதே இருந்தது. படம் வெளிவந்த 1970இல் வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்ததால், படக்குழு போர் எதிர்ப்பை முன்னால் இழுத்து, அலுவலக அங்கதத்தைப் பின்னால் தள்ளிவிட்டது என்பது என் எண்ணம்.

புதுவரவு

நான் நாவலையும் வாசித்ததில்லை, படத்தையும் பார்த்ததில்லை. "கேட்ச்-22 நிலைமை" என்று செய்தித்தாள்களில் படித்திருக்கிறேன், அவ்வளவுதான். அது உண்மையில் என்ன விதி என்பதையும், எதிலிருந்து தொடங்கலாம் என்பதையும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

மாலைவாசகன்

புதுவரவு அவர்களே, நாவலிலிருந்தே தொடங்குங்கள். ஆறாம் அத்தியாயத்தில் மூடி வைக்கத் தோன்றினால் தாமரைக்குளம் அவர்களின் பேச்சைக் கேட்காமல் இன்னும் நான்கு அத்தியாயங்கள் போய்ப் பாருங்கள்.

விதி இதுதான். பைத்தியம் பிடித்தவனைப் பறக்க அனுப்பக்கூடாது. ஆனால் "எனக்குப் பைத்தியம், என்னை அனுப்பாதீர்கள்" என்று அவனே வந்து கேட்க வேண்டும். கேட்டுவிட்டால், உயிருக்கு ஆபத்து என்று அறிந்து அஞ்சுகிறவன் தெளிந்த புத்தியுள்ளவன் என்று ஆகிவிடுகிறது; எனவே அவன் பறந்தே தீர வேண்டும். ஐந்தாம் அத்தியாயத்தில் மருத்துவர் டானிகா இதை விளக்க, அதன் கச்சிதத்தைக் கேட்டு யொசேரியன் வியந்துபோகிறான்.

பத்திரிகைகள் எல்லாம் இந்தப் புதிரோடு நின்றுவிடுகின்றன. நாவல் நிற்பதில்லை. 39ஆம் அத்தியாயத்தில் ரோம் நகரில், ஒரு வீட்டிலிருந்த பெண்களை எல்லாம் இராணுவக் காவலர்கள் விரட்டிவிட்டார்கள்; எஞ்சியிருக்கும் கிழவியிடம் எந்த அதிகாரத்தில் விரட்டினார்கள் என்று யொசேரியன் கேட்கிறான். கேட்ச்-22 என்று சொன்னார்கள் என்கிறாள். அந்தச் சட்டத்தைக் காட்டினார்களா என்றால், காட்ட வேண்டியதில்லை என்று அந்தச் சட்டமே சொல்கிறதாம். அப்படியொரு சட்டமே இல்லை என்று யொசேரியனுக்கு உறைக்கிறது. இல்லாத ஒன்றைக் கிழிக்கவும் முடியாது, எரிக்கவும் முடியாது. ஐந்தாம் அத்தியாயத்தில் மூளைக்கு விருந்தாக இருந்த விதி, இங்கே கதவை உடைக்கும் பூட்ஸ் காலாக வந்து நிற்கிறது.

இப்போது செல்லுலாய்டு அவர்களின் கேள்வி. படம் ஏன் எனக்குப் போதவில்லை? அது மிக அழகாக இருக்கிறது. மெக்சிகோவில் ஓடுபாதை அமைத்து, பதினேழு பி-25 விமானங்களைப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, அவற்றை விடியல் வெளிச்சத்தில் வரிசையாக எழுப்பிப் பறக்கவிடும்போது அந்தக் காட்சியின் கம்பீரத்தில் நான் மயங்கிவிடுகிறேன். ஹெல்லரின் புத்தகத்தில் எந்த இயந்திரமும் கம்பீரமாக இல்லை. எல்லாவற்றிலும் ஏதோ ஒரு பாகம் திருட்டுப்போயிருக்கிறது. மிதவைச் சட்டையில் காற்று நிரப்பும் உருளையைக்கூட மைலோ ஐஸ்கிரீம் சோடா தயாரிக்க எடுத்துப் போய்விட்டான். செலவழித்த பணம் திரையில் தெரியத் தொடங்கினால் அங்கதம் ஒதுங்கிக்கொள்கிறது. அதே 1970இல் வந்த ராபர்ட் ஆல்ட்மனின் போர் அங்கதப் படமான மேஷ், திரையரங்குகளில் கூட்டத்தைச் சேர்த்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். அந்தப் படம் அழுக்காக, ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டு, எதையும் மதிக்காமல் போய்க்கொண்டிருந்தது.

எண்ணிக்கைதான் நாள்காட்டி என்ற தாமரைக்குளம் அவர்களின் கருத்தை நான் யோசித்ததே இல்லை. அதை ஏற்கிறேன். ஆனால் எண்ணை நேராக வைத்துக்கொண்டு ஸ்னோடனை மட்டும் அவனுக்குரிய இடத்தில் விட்டிருக்கலாமே? தொடர் வரிசைப்படுத்தியதோடு நிற்கவில்லை. நடுவில் நடந்த மரணத்தைக் கடைசிக்கு நகர்த்தியது. நாவலின் கடைசியில் யொசேரியன் சுவீடனை நோக்கி ஓடுகிறான். தொடரின் கடைசியில் ஆடையின்றி விமானத்தில் உட்கார்ந்திருக்கிறான். காரணத்தை இடம் மாற்றியதால் விளைவையும் மாற்ற வேண்டி வந்தது.

ஓய்வுபெற்ற எழுத்தர்

ஐயா, அம்மா, எல்லோருக்கும் வணக்கம். இலக்கிய நுட்பம் எனக்குத் தெரியாது. முப்பத்துநான்கு ஆண்டுகள் கோப்புகளோடு வாழ்ந்தவன் என்பதால் ஒரு பாத்திரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மருத்துவர் டானிகாவுக்கு விமானத்தில் ஏறவே பயம். ஆனால் பறந்தால்தான் பறப்புப் படி கிடைக்கும் என்பதால், ஏறாமலே தன் பெயரைப் பதிவேட்டில் எழுதச் சொல்லியிருப்பார். அந்த விமானம் மலையில் மோதுகிறது. பதிவேட்டில் பெயர் இருப்பதால் அவரும் செத்துவிட்டார் என்று ஆகிவிடுகிறது. மனிதர் கண்ணெதிரே நிற்கிறார். சார்ஜெண்ட் அவரிடமே அவர் இறந்த செய்தியைச் சொல்கிறார். மனைவிக்குக் கர்னலின் பெயரில் அச்சிட்ட இரங்கல் கடிதம் போகிறது. "உங்கள் கணவர், மகன், தந்தை அல்லது சகோதரர்" என்றும் "கொல்லப்பட்டார், காயமடைந்தார் அல்லது காணாமற்போனார்" என்றும் எல்லா வாய்ப்புகளும் ஒரே வாக்கியத்தில், எதுவும் அடிக்கப்படாமல் இருக்கும். காப்பீட்டுப் பணம் குவிந்த பிறகு அந்த அம்மாள் பிள்ளைகளோடு வேறு ஊருக்குக் குடிபோய்விடுகிறார். புது முகவரியைக்கூட விட்டுச்செல்வதில்லை.

இதை மிகை என்று நினைப்பவர்கள் உத்தரப் பிரதேசத்தின் ஆசம்கர் மாவட்டத்தைச் சேர்ந்த லால் பிகாரியின் கதையை அறிந்திருக்க வேண்டும். நில ஆவணத்தில் இறந்தவராகக் காட்டப்பட்ட அவர், 1975 முதல் 1994 வரை தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்கப் போராடி, பெயருக்குப் பின்னால் "மிருதக்" என்று, அதாவது இறந்தவர் என்று, தானே சேர்த்துக்கொண்டவர். அவர் கதையைத் தழுவி 2021இல் இந்தியில் காகஸ் என்ற படமும் வந்தது. என் தகப்பனாருக்கும் ஒரு நவம்பரில் இது நடந்தது. உயிர்வாழ் சான்றிதழை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார்; கணினியில் அவர் இறந்துவிட்டதாக இருப்பதால் அவர் கொடுப்பதை வாங்க இயலாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். சொன்னவர் மிக மரியாதையாகச் சொன்னார். உட்கார நாற்காலியும் கொடுத்தார்.

அந்த மரியாதையைத்தான் நான் திரையில் எதிர்பார்க்கிறேன். படத்திலும் தொடரிலும் அதிகாரிகள் கத்துகிறார்கள். மார்ட்டின் பால்சமும் சரி, கைல் சேண்ட்லரும் சரி, கேத்கார்ட்டாக வந்து முகம் சிவக்கிறார்கள். கத்துகிற அதிகாரிக்கு நாங்கள் பயந்ததே இல்லை. மெதுவாகப் பேசுகிறவருக்குத்தான் பயந்தோம்.

செல்லுலாய்டு

எழுத்தர் ஐயா, கடைசி மூன்று வாக்கியங்களை எந்தத் திரைப்படப் பள்ளியிலும் சொல்லிக்கொடுத்து நான் கேட்டதில்லை.

அந்த இரங்கல் கடிதத்தையே ஒரு பயிற்சியாக எடுத்துப் பார்த்தேன். அதைத் திரையில் எப்படிக் காட்டுவது? கடிதத்தை அண்மைக் காட்சியில் காட்டினால் பார்வையாளர் வாசிப்பார், சிரிப்பார், முடிந்தது. மனைவியின் குரலில் படிக்கவைத்தால் உருக்கமாகிவிடும். எனக்குத் தோன்றிய வழி, அச்சகத்தில் அந்தக் கடிதம் ஆயிரக்கணக்கில் அச்சாகிக்கொண்டிருப்பதைப் படத்தின் தொடக்கத்திலேயே, என்னவென்று சொல்லாமல், யாரோ இருவர் வேறெதையோ பேசும்போது பின்னணியில் காட்டிவிட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து ஒரு தாள் அந்த அம்மாளின் கையில் இருக்கும். வாசிக்கவே தேவையில்லை.

மாலைவாசகன் சொல்லும் "முதலில் சிரிப்பு, பிறகு காரணம்" என்ற வழியைத் திரைக்குக் கொண்டுவர முடியும் என்பதற்குச் சான்றாக, ஜார்ஜ் ராய் ஹில் 1972இல் இயக்கிய ஸ்லாட்டர்ஹவுஸ்-ஃபைவ் படத்தைக் குறிப்பிடுகிறேன். கர்ட் வானகட்டின் நாவலும் போரைப் பற்றியது, காலத்தில் தாவுவது, அங்கதம் கலந்தது. அங்கே படத்தொகுப்பாளர் டீடீ ஆலன் ஒரு காலத்திலிருந்து இன்னொரு காலத்துக்கு ஓர் அசைவையோ ஒலியையோ பிடித்துக்கொண்டு கடக்கிறார். விளக்கம் கிடையாது, திரை மங்குவது கிடையாது. நிக்கோல்ஸின் படத்தில் ஸ்னோடன் காட்சிகள் வெள்ளை ஒளியில் தனியே மிதப்பதால், "இது நினைவு, கவனி" என்று அவை அறிவித்துக்கொண்டே வருகின்றன.

எதிர்த்திசையில் இன்னொரு உதாரணமும் உண்டு. பீட்டர் ஜார்ஜின் ரெட் அலர்ட், அணு ஆயுதப் போர் மூளும் அபாயம் பற்றி 1958இல் வந்த நாவல், சிரிப்புக்கு இடமில்லாதது. ஸ்டான்லி குப்ரிக் அதை எடுத்து 1964இல் டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ் என்னும் அங்கதமாக மாற்றினார். வேறொருவரின் குரலைப் பெயர்க்க வேண்டிய சுமை அவருக்கு இருக்கவில்லை. அங்கத நாவலைப் படமாக்குவதைவிட, அங்கதம் இல்லாத நாவலை அங்கதப் படமாக்குவது எளிது என்றுகூடச் சொல்லலாம்.

தாமரைக்குளம்

எளிது என்பதை ஏற்க மாட்டேன்; சுதந்திரமானது என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

இதுவரை யாரும் தொடாத ஒன்று இருக்கிறது. இந்த நாவலில் பெண்கள் எப்படி இருக்கிறார்கள்? ஒரு முக்கியமான பாத்திரத்துக்குப் பெயரே கிடையாது. நேட்லி என்னும் வீரன் விரும்பும் அவள், நேட்லியின் வேசி என்றே கடைசிவரை அழைக்கப்படுகிறாள். பதறாத கதைசொல்லி என்று நாம் வியக்கும் அதே குரல், செவிலியரின் உடலையும் அதே பதறாமையோடு வர்ணிக்கிறது. எழுத்தில் அதை ஆண்கள் முகாமின் பார்வை என்று வாதாடலாம். என் வகுப்பில் மாணவிகள் அந்த வாதத்தை ஒவ்வோர் ஆண்டும் கேள்வி கேட்டிருக்கிறார்கள். திரையில் வாதாடவும் முடியாது, ஏனென்றால் அங்கே ஓர் உண்மையான நடிகையின் உடல் நிற்கிறது. பதறாத கேமரா வேண்டும் என்று கேட்கும்போது, அது எதன்முன் பதறாமல் நிற்கும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

ஹெல்லரிடமே இதற்கு ஒரு பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ரோமில் ஆர்ஃபி என்னும் அதிகாரி ஒரு பணிப்பெண்ணை வன்புணர்ந்து சன்னல் வழியே தள்ளிக் கொன்றுவிடுகிறான். படியேறி வரும் காவலர்கள் அவனைத் தாண்டிப்போய், அனுமதிச் சீட்டு இல்லாமல் ரோமுக்கு வந்ததற்காக யொசேரியனைக் கைது செய்கிறார்கள். பதறாமை இங்கே கதைசொல்லியிடமிருந்து காவலர்களுக்கு இடம் மாறிவிடுகிறது. அதுவரை நம்மைச் சிரிக்கவைத்த தொனி யாருடையது என்று நமக்கே தெரிந்துவிடுகிறது. 1970 படத்தில் இந்தக் காட்சி இருக்கிறது. சார்லஸ் குரோடின் ஆர்ஃபியாக வந்து புன்னகை மாறாமல் பேசுகிறார். எழுத்தர் ஐயா கேட்ட அந்த மரியாதையான குரல் அவரிடம் உண்டு. மறுபடி பார்க்க வேண்டிய காட்சி அது.

மாலைவாசகன்

மறுபடி பார்த்தேன். குரோடின் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. அவர் குரலை உயர்த்தவே இல்லை. "பதறாத கேமரா" என்ற என் சொல்லை நான் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். கேமரா எப்போது பதற வேண்டும் என்பதையும் ஹெல்லர் குறித்து வைத்திருக்கிறார். 41ஆம் அத்தியாயம் அதற்காகவே எழுதப்பட்டது.

அதில் யொசேரியன் ஸ்னோடனின் தொடைக் காயத்துக்கு மிகத் திறமையாகக் கட்டுப் போடுகிறான். தன் கைநேர்த்தியில் அவனுக்கே பெருமை வருகிறது. வலிக்கு மார்ஃபின் கொடுக்க மருந்துப்பெட்டியைத் திறந்தால் மருந்து இல்லை. மைலோவின் நிறுவனத்துக்கு நல்லது நாட்டுக்கும் நல்லது என்று எழுதிய சீட்டு இருக்கிறது. மால்டாவில் ஏழு செண்டுக்கு முட்டை வாங்கி ஐந்து செண்டுக்கு விற்று லாபம் பார்க்கிறான் என்று நம்மைச் சிரிக்கவைத்த அதே மைலோ. பையன் குளிர்கிறது, குளிர்கிறது என்று முனகிக்கொண்டே இருக்கிறான். பிறகுதான் அக்குளருகே இன்னொரு கறை தெரிகிறது, கவச உடையைத் திறக்கிறான். அத்தனை நேரமும் அவன் தவறான காயத்துக்கு மருத்துவம் பார்த்திருக்கிறான்.

வாசகனும் அப்படித்தான் நாற்பது அத்தியாயங்களாகத் தொடைக் காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இதனால்தான் இந்தக் காட்சியை எங்கே வைப்பது என்பதைக் கதை வசதிக்கான கேள்வியாக என்னால் பார்க்க முடியவில்லை. தொடரும் அதைக் கடைசியில்தான் வைத்தது, நாவலும் கடைசியில்தான் வைத்தது, வித்தியாசம் என்ன என்று ஒரு நண்பர் தனிச்செய்தியில் கேட்டார். நாவல் சொல்வதைத்தான் கடைசியில் வைத்தது. நடந்தது முன்பே நடந்துவிட்டது. தொடரில் நடப்பதும் சொல்வதும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. முன்னதில் நமக்குக் குற்றவுணர்வு வருகிறது, பின்னதில் துக்கம் வருகிறது. துக்கம் சிறிய உணர்ச்சி என்று சொல்லவில்லை. ஆனால் முன்பு சிரித்தது நம்மைத் திரும்பி வந்து பிடிப்பதில்லை.

தாமரைக்குளம்

அந்த நண்பர் நான் அல்ல என்பதைப் பதிவுசெய்கிறேன். இருந்தாலும் கேட்கிறேன்: முன்கூட்டியே தெரிந்துவிட்டால் அந்தக் குற்றவுணர்வு வராதா? இந்த இழையைப் படித்துவிட்டு நாவலுக்குப் போகிறவருக்கு எல்லாம் கெட்டுப்போய்விட்டதா? அப்படியானால் நாவல் ஒரு தந்திரம் மட்டும்தான் என்று ஆகிவிடும்.

ஓய்வுபெற்ற எழுத்தர்

மைலோவின் முட்டைக் கணக்கை நேற்று பேரேடு போட்டுப் பார்த்தேன். மால்டாவில் அவனுக்கு விற்பவனும் அவனே. கணக்கு சரியாக வருகிறது. தணிக்கையாளர் யாரும் கண்டுபிடிக்க முடியாது.

புதுவரவு

நூலகத்தில் புத்தகம் கிடைத்தது. நான்காம் அத்தியாயம்வரை வந்திருக்கிறேன். ஸ்னோடன் இறப்பான், எப்படி இறப்பான், யாருடைய கையில் இறப்பான் என்று எல்லாம் இந்த இழையின் புண்ணியத்தில் தெரிந்தேதான் வாசிக்கிறேன். வீரர்களுக்கு நடக்கும் ஒரு வகுப்பில் கேள்வி இருந்தால் கேட்கலாம் என்கிறார்கள். யொசேரியன் எழுந்து, போன ஆண்டின் ஸ்னோடன்கள் எங்கே என்கிறான். ஏதோ பழைய பிரெஞ்சுக் கவிதையின் உறைபனியை, ஆங்கிலத்தில் ஸ்னோவை, வைத்து விளையாடுகிறான் என்று அடிக்குறிப்பில்லாமலே ஓரளவு புரிந்தது. வகுப்பு நடத்துபவருக்குப் புரியவில்லை. மேலதிகாரிகள் கலவரமடைந்து, இதுவரை கேள்வியே கேட்காதவர்கள் மட்டும்தான் இனிக் கேள்வி கேட்கலாம் என்று கர்னல் கார்ன் ஒரு விதி போடுகிறார்.

அந்த விதிக்குச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். சிரித்து முடித்த பிறகுதான், அவன் கேட்டது கேள்வியே தானே, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே என்று தோன்றி, ஒரு பக்கம் பின்னால் போய் மறுபடி வாசித்தேன்.